வீட்டுப் பணியாளர் எண்ணிக்கையைத் தீர்மானித்தல்

வீட்டுப் பணியாளர் எண்ணிக்கையைத் தீர்மானித்தல் என்பது, ஒரு பெரிய தனியார் இல்லத்தில் சமையல், துப்புரவு, தோட்டம், காவல், வண்டியோட்டுதல் முதலிய வேலைகளுக்கு எத்தனை பேர் தேவை, இருப்பவர்களுடன் எப்போது புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டும் என்று கணித்து முடிவெடுக்கும் மேலாண்மைப் பணியாகும். வீட்டு உரிமையாளரோ அவர் அமர்த்திய மேலாளரோ இம்முடிவை எடுப்பர். ஆண்டு முழுவதும் குடும்பம் தங்காத மலைவாழிட பங்களாக்களில் இது கூடுதல் சிக்கலானது. சில வாரங்கள் வீடு நிரம்பி வழியும். பல மாதங்கள் பூட்டிக் கிடக்கும். வீடு பூட்டிக் கிடந்தாலும் அதன் வேலை நிற்பதில்லை.

இக்கட்டுரை பழனி மலையிலுள்ள கொடைக்கானல் நகரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முடிவு எடுக்கப்படும் முறையை விளக்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

பணியாளர் எண்ணிக்கையை வருமானத்தைக் கொண்டு முடிவு செய்வதே பழைய வழக்கம். இங்கிலாந்தில் 1861இல் நூலாக வெளிவந்த இசபெல்லா பீட்டனின் இல்ல நிர்வாகக் கையேடு, ஆண்டு வருமானம் இவ்வளவு என்றால் இன்னின்ன வேலையாட்களை வைத்துக்கொள்ளலாம் என்று பட்டியலிட்டது. சுமார் 1000 பவுண்டு வருமானமுள்ள குடும்பத்துக்குச் சமையல்காரர் உட்பட ஐந்து பேர். 150 முதல் 200 பவுண்டு வருமானமுள்ள குடும்பத்துக்கு எல்லா வேலையும் செய்யும் ஒரே ஒரு பணிப்பெண். வேலை எவ்வளவு என்பது அங்கே முதல் கேள்வியாக இல்லை. எவ்வளவு செலவிட முடியும், அந்தஸ்துக்கு எது பொருந்தும் என்பவையே கேள்விகளாக இருந்தன.

இந்தியாவில் குடித்தனம் நடத்திய ஆங்கிலப் பெண்களுக்காக ஃப்ளோரா ஆனி ஸ்டீல், கிரேஸ் கார்டினர் இருவரும் எழுதிய கையேடு 1888இல் வெளிவந்தது. இந்தியாவில் ஐரோப்பியர் வீடுகளில் ஆட்கள் அதிகம் இருந்தனர். சமையல் செய்பவர் பெருக்கமாட்டார், பெருக்குபவர் தண்ணீர் சுமக்கமாட்டார் என்ற சாதி வழிப்பட்ட வேலைப் பிரிவினை அதற்கு ஒரு காரணம். கூலி மிகக் குறைவாக இருந்தது இன்னொரு காரணம்.

கொடைக்கானலில் 1845ஆம் ஆண்டு மதுரையில் இயங்கிய அமெரிக்க மிஷனரிகள் முதல் இரு பங்களாக்களைக் கட்டினர். சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் அவர்களை மலைமேல் வரவழைத்தன. 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் முயற்சியால் ஏரி உருவானது. மோட்டார் சாலை வருவதற்கு முன், கோடைக்கு வரும் குடும்பங்கள் மலையடிவாரத்திலிருந்து குதிரையிலோ, ஆட்கள் தோளில் சுமக்கும் நாற்காலியிலோ ஏறின. பெட்டி, பாத்திரம், உணவுப் பொருள் எல்லாம் தலைச்சுமையாகவே வந்தன. குடும்பத்துடன் சமையல்காரரும் ஆயாவும் மேலே வந்து, பருவம் முடிந்ததும் இறங்கிவிடுவர். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு காவல்காரரும் தோட்டக்காரரும் மேலேயே இருப்பர். பருவத்துக்கு வரும் ஆட்கள், நிலையாக இருக்கும் ஆட்கள் என்ற இந்தப் பிரிவு இன்றும் மலை பங்களாக்களில் தொடர்கிறது.

கொடைக்கானல் சூழலின் தனித்தன்மை

கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 36,501. நாயுடுபுரம் இந்நகரின் குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று. இங்கு வீட்டுப் பணியாளர் தேவையைப் பின்வரும் காரணிகள் மாற்றுகின்றன.

பருவம்: ஏப்ரல் முதல் ஜூன் வரை முதன்மைப் பருவம். தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைகளில் மீண்டும் கூட்டம் வரும். பங்களாவுக்குக் கூடுதல் ஆள் தேவைப்படும் அதே வாரங்களில்தான் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் ஆள் தேவைப்படும். சிறிய நகரம் என்பதால் கடைசி நேரத்தில் நல்ல சமையல்காரரைத் தேடினால் கிடைப்பது அரிது.

ஈரம்: அக்டோபர், நவம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை மிகுதி. பூட்டிய அறைகளில் மெத்தை, துணி, புத்தகம், மரச்சாமான் எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கும். ஆகவே ஆளில்லாத வீட்டிலும் வாரந்தோறும் சன்னல்களைத் திறந்து, துடைத்து, உலர்த்த வேண்டும்.

புயலும் விலங்குகளும்: 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் கொடைக்கானல் மலைப்பகுதியிலும் மரங்களைச் சாய்த்துச் சாலைகளையும் மின்சாரத்தையும் முடக்கியது. காட்டுமாடுகள் நகரத் தோட்டங்களுக்குள் நுழைவது அன்றாடக் காட்சி. இரவில் தனியாக ஒரு காவலாளி இதையெல்லாம் எதிர்கொள்கிறார்.

போக்குவரத்து: கொடைக்கானல் ரோடு தொடர்வண்டி நிலையம் மலைமேலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் உள்ளது. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. சமவெளியிலிருந்து பருவகாலப் பணியாளர்களை வாகனத்தில் அழைத்து வருவோர் இதையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டியுள்ளது.

மணிக்கணக்கு முறை

ஆள் போதுமா என்பதை அறிய எளிய வழி, வேலையை மணி நேரமாக மாற்றிப் பார்ப்பதாகும். இதில் மூன்று படிகள் உள்ளன.

1. வீட்டில் ஒரு வாரத்தில் நடக்க வேண்டிய வேலைகளையும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தையும் எழுதுதல்.
2. இருக்கும் பணியாளர்களின் வேலை நேரத்தைக் கூட்டுதல். ஒருவருக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 6 நாள், ஆக 48 மணி நேரம் என்று கொள்வது வழக்கம். தொழிற்சாலைச் சட்டம், 1948 தொழிலாளர்களுக்கு வகுத்த வார உச்சவரம்பும் இதுவே.
3. மொத்தத்தை மட்டுமன்றி, ஒவ்வொருவர் தலையிலும் எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதையும் பார்த்தல்.

மூன்றாவது படியைப் பலர் விட்டுவிடுகின்றனர். காவல் பணி இதற்குச் சிறந்த சான்று. ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உள்ளது. இரவும் பகலும் காவல் வேண்டும் என்றால் 168ஐ 48ஆல் வகுக்க, மூன்றரைப் பேர் தேவை. விடுப்பையும் நோயையும் சேர்த்தால் நான்கு பேர். ஆனால் பெரும்பாலான பங்களாக்களில் 'வாட்ச்மேன் ஒருவர் இருக்கிறார்' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் வளாகத்திலேயே குடியிருப்பதால், எந்நேரமும் வேலையில் இருப்பதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கின்றனர்.

இங்கு ஒரு வேறுபாடு முக்கியமானது. வளாகத்தில் உறங்கி, அழைத்தால் எழுந்து வருவது ஒன்று. விழித்திருந்து சுற்றிவருவது வேறொன்று. முதலாவதை முழு வேலைநேரமாகக் கொள்ளத் தேவையில்லை என்று வாதிடலாம். இரண்டாவதை அப்படித் தள்ள முடியாது. எது கேட்கப்படுகிறது என்பதை வேலைக்குச் சேர்க்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு

நாயுடுபுரத்தில் ஐந்து படுக்கையறைகளும் ஒரு ஏக்கர் தோட்டமும் கொண்ட ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். உரிமையாளர் குடும்பம் சென்னையில் வசிக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 9 வாரம் மட்டும் இங்கு வந்து தங்குகிறது. வளாகத்தில் குடியிருக்கும் ஒரு தம்பதியரும் ஒரு தோட்டக்காரரும் பணியில் உள்ளனர். கீழ்க்காணும் எண்கள் கணக்கு முறையை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை.

குடும்பம் இல்லாத வாரத்தில் வேலை:
- அறைகளைத் திறத்தல், துடைத்தல், உலர்த்தல்: 14 மணி
- தோட்டம்: 40 மணி
- சிறு பழுது, தண்ணீர், மின்சாரம், கட்டணங்கள்: 8 மணி
- இரவுக் காவல் (12 மணி வீதம் 7 இரவு): 84 மணி
- மொத்தம்: 146 மணி

மூவரின் வேலை நேரம் 144 மணி. தாளில் பார்த்தால் ஏறத்தாழச் சரியாக இருக்கிறது. ஆள் சேர்க்கத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் 84 மணி இரவுக் காவல் முழுவதும் கணவர் ஒருவர்மேல் விழுகிறது. மனைவிக்கு விழுவதோ 22 மணி வேலைதான். மொத்தக் கணக்கு சரியாக இருந்தும் ஒருவருக்கு வாரத்தில் ஒரு இரவுகூட ஓய்வில்லை. இங்கு தேவைப்படுவது ஒரு முழுநேர ஆள் அன்று. வாரத்தில் 3 இரவுக்கு, அதாவது 36 மணி நேரத்துக்கு, வேறொரு காவலாளி வந்தால் முதலாமவரின் பங்கு 48 மணியாகக் குறைந்துவிடும்.

குடும்பமும் விருந்தினரும் இருக்கும் வாரத்தில் வேலை:
- சமையல்: 56 மணி
- அறைத் துப்புரவு: 42 மணி
- பரிமாறுதல், தேநீர், விருந்தினர் கவனிப்பு: 28 மணி
- சலவை: 20 மணி
- கடைக்குச் செல்லுதல்: 14 மணி
- கணப்படுப்பு, விறகு: 10 மணி
- தோட்டம், பழுது, இரவுக் காவல்: 132 மணி
- மொத்தம்: 302 மணி

பகுதிநேரக் காவலாளியையும் சேர்த்து இருப்பது 180 மணி. பற்றாக்குறை 122 மணி. இது இரண்டரை ஆள் வேலை. ஆகவே ஒரு சமையல்காரர், ஒரு சமையல் உதவியாளர், அறைகளுக்கு ஒருவர் என மூவர் வேண்டும். ஆனால் இந்தப் பற்றாக்குறை 9 வாரத்துக்கு மட்டுமே. மொத்தம் 1,098 மணி நேரத்தை 52 வாரத்துக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு 21 மணிதான் வரும். நிலையான பணியாளர் ஒருவர் ஆண்டுக்குத் தரும் நேரம் 2,496 மணி. எனவே இவ்வீட்டில் பருவத்துக்கு மட்டும் மூவரை அமர்த்துவதே பொருத்தம்.

இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது: உரிமையாளர் இல்லாதபோதும் நடக்க வேண்டிய வேலைக்கு நிலையான ஆள்; அவர் இருக்கும்போது மட்டும் கூடும் வேலைக்குப் பருவகால ஆள். பருவத்தின் பரபரப்பைப் பார்த்து நிலையான ஆட்களைச் சேர்த்துவிட்டு, ஜூலையில் அவர்களை நிறுத்துவது இருவருக்கும் இழப்பு. விடுதிகள் ஆள் எடுக்கும் காலம் முடிந்தபின் வேலை இழப்பவருக்கு அது பேரிழப்பு.

கூடுதல் ஆள் தேவை என்பதன் அறிகுறிகள்

உரிமையாளர் முதலில் காண்பது தூசி, தாமதமான சாப்பாடு, வாடிய செடி ஆகியவற்றையே. ஆனால் இவை கடைசியில் தோன்றும் அறிகுறிகள். நல்ல பணியாளர்கள் தங்கள் ஓய்வைக் குறைத்துக்கொண்டு வீட்டைச் சீராக வைத்திருப்பர். வீடு பளபளப்பாக இருப்பதால் ஆள் போதும் என்று முடிவு செய்ய முடியாது. முன்னதாகவே தெரியும் அறிகுறிகள் வேறு:

- வார விடுப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடப்பட்டு, பிறகு எடுக்கப்படாமலே போதல்.
- ஒருவர் காய்ச்சலில் படுத்தால் வீட்டில் ஒரு வேலை முற்றிலும் நின்றுபோதல்.
- ஊர்த் திருவிழாவுக்கோ உறவினர் திருமணத்துக்கோ செல்ல, பணியாளர் தாமே மாற்றாளைத் தேடித் தர வேண்டியிருத்தல்.
- சம்பளப் பட்டியலில் இல்லாத மனைவியோ பிள்ளைகளோ வேலையில் கைகொடுத்தல்.
- மாதக்கணக்கில் தள்ளிப்போகும் வேலைகள் சேர்தல்: கூரை ஓடு மாற்றுதல், வாய்க்கால் தூர்வாருதல் போன்றவை.
- ஓராண்டுக்குள் ஒரே பணியிடத்தில் இரண்டு மூன்று பேர் விலகுதல்.

இவற்றில் நான்காவது அறிகுறி கொடைக்கானல் போன்ற இடங்களில் தனிக் கவனத்துக்குரியது. கணவருக்குச் சம்பளம், குடும்பத்துக்குத் தங்க இடம் என்று ஒப்புக்கொண்டு, மனைவியின் துப்புரவு வேலையையும் சமையல் உதவியையும் கூலியின்றிப் பெறுவது பல பங்களாக்களில் உள்ள ஏற்பாடு. அப்படிப்பட்ட வீட்டில் முதலில் செய்ய வேண்டியது, ஏற்கெனவே வேலை செய்யும் அப்பெண்ணைப் பணியாளராக ஏற்றுச் சம்பளம் தருவது. புதிய ஆள் பற்றிய பேச்சு அதன் பின்னர் வரலாம்.

ஆள் சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கூடுதல் ஆள் எப்போதும் ஒரே தீர்வு அன்று. வேலையை இருப்பவர்களிடையே மறுபடி பங்கிடலாம். சலவையை வெளியே கொடுக்கலாம். தோட்டத்துக்கு மழைக்குப் பிறகு மட்டும் நாட்கூலி ஆட்களை அழைக்கலாம். பயன்படாத அறைகளை மூடலாம். ஆனால் கொடைக்கானல் ஈரத்தில் மூடிய அறைக்கும் வாரம் ஒருமுறை கவனிப்பு வேண்டும் என்பதால் மிச்சமாகும் நேரம் குறைவு.

சில காரணங்களுக்காக ஆள் சேர்ப்பது தவறாக முடியும். பக்கத்து பங்களாவில் ஆறு பேர் இருப்பது காரணமாகாது. ஒரே ஒரு விருந்தில் ஏற்பட்ட குளறுபடி காரணமாகாது. அது திட்டமிடல் குறை. ஒருவர் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்காக அவர்மேல் இன்னொருவரை வைப்பதும் பயன் தராது. அவரிடம் பேசுவதும், தேவையானால் பயிற்சி தருவதும் முறை.

தங்குமிடம் இல்லாமல் ஆள் சேர்க்கக் கூடாது என்பது மலையில் முதன்மையான விதி. புதியவர் எங்கே உறங்குவார், கம்பளியும் வெந்நீரும் உண்டா, கழிப்பறை எங்கே என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே அவரை வரச்சொல்ல வேண்டும். குடும்பத்தை அழைத்து வரும் ஓட்டுநருக்கும் இது பொருந்தும்; குளிரில் அவர் காருக்குள் இரவைக் கழிக்கும்படி விடுவது உடல்நலத்துக்குக் கேடு. பணியாளர் அறையில் குளிர் தாங்காமல் கதவடைத்துக் கரி அடுப்பு மூட்டினால், வெளிவரும் கார்பன் மோனாக்சைடு நச்சு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். கூடுதல் ஆளுக்கான செலவில் சம்பளத்துடன் உணவு, படுக்கை, பண்டிகைப் பணம், விடுப்புக்கால மாற்றாள் ஆகியவையும் அடங்கும்.

சட்ட நிலை

தொழிற்சாலைகள், கடைகளுக்குரிய வேலைநேரச் சட்டங்கள் தனியார் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்துவதில்லை. அதனால் எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம் என்பது பெரும்பாலும் உரிமையாளர் மனத்தைப் பொறுத்ததாகவே இருந்துவருகிறது. எனினும் பின்வருபவை கவனிக்கத்தக்கவை.

தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் 2007இல் அமைக்கப்பட்டது. பதிவு செய்தவர்கள் கல்வி, திருமணம், மகப்பேறு, விபத்து, ஓய்வூதியம் முதலியவற்றுக்கான உதவிகளைப் பெறலாம். 2018இல் தமிழ்நாடு அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் பாதுகாப்பு தருகிறது. 14 வயதுக்கு உட்பட்டோரை வீட்டு வேலைக்கு அமர்த்துவது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. முன்பணம் கொடுத்து, அதைத் தீர்க்கும் வரை போகக் கூடாது என்று ஒருவரை நிறுத்தி வைப்பது கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976இன்படி குற்றமாகும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் ஏற்ற 189ஆம் உடன்படிக்கை, வீட்டுப் பணியாளர்களுக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. தம் விருப்பப்படி வெளியே செல்ல முடியாமல் அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கருதுவது பற்றி அது பேசுகிறது. இந்தியா இதற்கு இன்னும் ஒப்புறுதி அளிக்கவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளர்களுக்கான சட்டப் பாதுகாப்பு குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

முடிவெடுக்கும் காலம்

மலை பங்களாக்களில் பணியாளர் தேவையை ஆண்டுக்கு இருமுறை பார்ப்பது நடைமுறைக்கு ஏற்றது. ஏப்ரல் பருவத்துக்கான ஆட்களைப் பொங்கல் முடிந்ததும் பேசி வைக்க வேண்டும். அப்போது விடுதிகளின் போட்டி இருக்காது, சென்ற ஆண்டு வந்தவரே மீண்டும் வரவும் வாய்ப்புண்டு. பருவம் முடிந்து ஜூலையில் மறுபடி கணக்கைப் பார்த்து, யாருக்கு எத்தனை நாள் விடுப்பு நிலுவை உள்ளது என்று எழுத வேண்டும். நிலுவை ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் பெயரிலேயே கூடிக்கொண்டு போனால், அவர் செய்யும் வேலைக்கு இன்னொரு கை வேண்டும் என்பது உறுதி. விடுப்புப் பதிவேடு இல்லாத வீட்டில், காவலாளியிடம் கடைசியாக எப்போது ஊருக்குப் போனார் என்று கேட்டாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்.